வாக்காளர் ஜாபிதாவும் அதிகாரத்தின் எல்லையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது ஆண்டுக் கூட்டங்களில் கல்வி நிதியைப் பற்றியும், மாணவர் விடுதியைப் பற்றியும், வியாபார அபிவிருத்தியைப் பற்றியும் உபந்நியாசங்கள் நிகழ்வது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ வாக்காளர் ஜாபிதா. சர்க்கார் கச்சேரிகளில் கிடக்கும் காகிதக் கட்டைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். அரசியல் விவகாரங்களில் சங்கம் தலையிடலாகாதே என்று வேறு சிலர் அஞ்சலாம். எவருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்த காரியம். அதில் இச்சங்கம் தலையிடுவதற்கில்லை. ஆயின், வாக்களிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டா, இல்லையா என்பதை எவர் தீர்மானிப்பது, எந்த விதியைக்கொண்டு தீர்மானிப்பது என்பது கட்சிகளுக்கெல்லாம் முற்பட்ட வினாவாகும். அவ்வினாவையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

நாம் நிலைநாட்ட விரும்புவது ஒன்றே. ஜாபிதாவில் பெயர் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் உரிய விதிகளை மக்களின் பிரதிநிதிகள் கூடிய சபை, யாவரும் அறிய விவாதித்துச் செய்யவேண்டும். அவ்விதிகளை நிறைவேற்றும் அதிகாரி அவற்றுக்குள் அடங்கி நடக்கவேண்டும். விதி செய்யும் வேலையும் அதை நடத்தும் வேலையும் ஒரே கையில் சேருமாயின், அக்கை எவ்வளவு நேர்மையுடையதாயினும், குடிகளின் உரிமை அக்கையின் நல்லெண்ணத்தை நம்பி நிற்க நேரும். உரிமையென்று பெயர் பெற்ற ஒன்று பிறர் நல்லெண்ணத்தை நம்பி நிற்பது தகாது.

பெயரும் உரிமையும்

நமது அரசியல் சட்டத்தின் 326-ஆம் ஷரத்து, வயது வந்த பிரஜைகள் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கின்றது. ஆதியில் 21 என்றிருந்த வயது, 61-ஆம் திருத்தத்தினால் 1989 முதல் 18 ஆயிற்று. அரசியல் சட்டம் இவ்வாறு கூற, 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆம் பிரிவோ, ஒரு தொகுதியின் ஜாபிதாவில் அப்போது பெயர் பதிவாகியிருப்பவரே அங்கு வாக்களிக்கலாம் என்று விதிக்கின்றது. ஆதலின், ஒருவர் இந்நாட்டிலேயே பிறந்து, இவ்வூரிலேயே அறுபதாண்டு வாழ்ந்து, வரி செலுத்தி வந்தவராயினும், வாக்குச்சாவடிக்குச் சென்ற அன்று ஜாபிதாவில் அவர் பெயர் இல்லையேல் வாக்களிக்காமல் திரும்பவேண்டியதுதான். அங்கிருக்கும் உத்தியோகஸ்தரிடம் வாதாடிப் பயனில்லை. அவருக்குப் பெயர் சேர்க்கும் அதிகாரம் கிடையாது.

இதனால் விளங்குவது யாதெனில், வாக்குரிமையைக் கொடுக்கும் அதிகாரத்துக்கு எவ்வளவு பெருமை உண்டோ, ஜாபிதாவை எழுதும் அதிகாரத்துக்கும் அவ்வளவு உண்டு என்பதே. முன்னதை அரசியல் சட்டத்தைத் திருத்தினாலன்றி எவரும் பறிக்க இயலாது. பின்னதையோ, கட்டுப்பாடில்லாவிடின், ஒரு சுற்றறிக்கையினால் குறைத்துவிடலாம்.

முற்காலத்து நிலை

நம் பாட்டனார் காலத்தில் இவ்வுரிமை இருந்த நிலையைச் சற்று நினைவுகூர்தல் வேண்டும். 1919-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, ஏறக்குறைய 4 கோடி ஜனங்கள் வாழ்ந்த இம்மாகாணத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோர் சுமார் 12½ லட்சம் பேரே. நிலவரியோ, வேறு வரியோ செலுத்தும் சொத்துடையோர் தவிர ஏனையோர் சபைக்கு வெளியே நின்றனர். பெண்கள் அடியோடு விலக்கப்பட்டிருந்தனர். 1921-இல் சென்னைச் சட்டசபை அத்தடையை நீக்கிற்று. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் அவ்வாறு செய்தது இதுவே முதலாவது. ஆயினும் சொத்துத் தகுதி நீங்காமையின், அதனால் பயனடைந்த பெண்கள் சிலரே. 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் எழுத்தறிவும் ஒரு தகுதியாகக் கொள்ளப்பட்டு, 1937-ஆம் வருஷத் தேர்தலில் பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் சுமார் 3 கோடி பேருக்கு வாக்குரிமை கிட்டிற்று. அப்போதும் வயது வந்தவர்களிற் பெரும்பாலோர் வெளியிலேயே இருந்தனர்.

இக்காலங்களிலெல்லாம் தகுதியை நிரூபிக்கும் பாரம் குடியானவன் தலையிலேயே இருந்தது. பட்டா உண்டா, வரி ரசீது உண்டா, கையெழுத்திடத் தெரியுமா என்று சர்க்கார் கேட்கும். காட்டியவன் பெயர் ஏறும். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்று வந்தபோது இம்முறை தலைகீழாயிற்று. சர்க்கார் ஊழியரே வீடுவீடாகச் சென்று பெயர்களை எழுதவேண்டும் என்ற புதுமுறை 1948 முதல் ஏற்பட்டது. அரசியல் சட்டம் முடிவாவதற்கு முன்னரே அதன் கீழ் நடக்கவேண்டிய தேர்தலுக்கு ஜாபிதா தயாரிக்கத் தொடங்கிவிட்டனர் என்பது உலக சரித்திரத்திலேயே அபூர்வமான செய்தி.

அரசியல் நிர்ணய சபை கண்ட அபாயம்

அவ்வேலை நடக்கும்போதே அபாயமும் தோன்றிற்று. 1949-ஆம் வருஷம் ஜூன் மாதம் தேர்தல் கமிஷனைப் பற்றிய ஷரத்து அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தது. முதல் நகலில், மாகாணந்தோறும் தனித்தனிக் கமிஷன் அமையும் என்றிருந்தது. டாக்டர் அம்பேத்கர் அதை மாற்றி, நாடு முழுமைக்கும் ஒரே கமிஷன் என்று திருத்தம் கொணர்ந்தார். அதற்கு அவர் கூறிய காரணம் நாம் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. சில மாகாணங்களில் நிர்வாக சர்க்காரானது, இனத்தாலோ மொழியாலோ பண்பாட்டாலோ தம்மவரல்லாதவர்களை ஜாபிதாவில் ஏறவிடாமல் தடுக்கும்படி காரியங்களை நடத்திவருவதாக முறையீடுகள் வந்திருக்கின்றன என்றும், வாக்குரிமையை இழப்பிப்பது ஜனநாயகத்தின் அடிவேரையே அறுப்பதாகும் என்றும் அவர் கருத்துரைத்தார்.

ஆகவே 324-ஆம் ஷரத்து பிறந்த காரணமே, ஜாபிதாவை நிர்வாகத்தின் கையிலிருந்து காப்பதுதான். அச்ஷரத்து ஜாபிதா தயாரிப்பையும் தேர்தல் நடத்துவதையும் மேற்பார்க்கும் அதிகாரத்தைக் கமிஷனுக்கு அளிக்கின்றது. இதன் அவசரத்தைக் கருதி, அரசியல் சட்டத்தின் பெரும்பகுதி 1950 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்தபோதிலும், இந்த ஷரத்தை மட்டும் வேறு சிலவற்றுடன் 1949 நவம்பர் 26-ஆம் தேதியன்றே அமலாக்கினர். அடுத்த 325-ஆம் ஷரத்து, தொகுதிக்கு ஒரே பொது ஜாபிதாவே உண்டு என்றும், மதம், இனம், ஜாதி, ஆண் பெண் என்ற வேற்றுமை காரணமாக எவரையும் அதினின்று விலக்கலாகாது என்றும் கூறுகின்றது. 327-ஆம் ஷரத்தோ, ஜாபிதா தயாரிப்பது உட்படத் தேர்தல் சம்பந்தமான எல்லா விஷயங்களிலும் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு அளிக்கின்றது. நிர்வாகத்தினின்றும் காக்கக் கமிஷன். கமிஷனுக்கு வழிகாட்டப் பாராளுமன்றம் செய்த சட்டம். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க நீதிஸ்தலம். ஒன்றையொன்று காவல் காக்குமாறு நம் முன்னோர் அமைத்த ஏற்பாடு இது.

முதல் தேர்தல் கமிஷனரான ஸ்ரீ சுகுமார் சென் அவர்கள் காலத்தில் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் பதிவாயினர். அந்த முதல் ஜாபிதாவிலும் ஒரு குறை நேர்ந்தது. வட இந்தியாவின் சில ராஜ்யங்களில் ஏராளமான பெண்கள் தம் பெயரைக் கூறாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதுவித்தனர். பெயரில்லாத பதிவு பதிவாகாது என்று கமிஷன் கொள்ள, ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் அத்தேர்தலில் வாக்களிக்க இயலாமற் போயிற்று. விதி தவறன்று, ஆள் இன்னாரென்று அறியப் பெயர் வேண்டியதே. எனினும், சரியான ஒரு விதிகூட அது சென்று தாக்கும் மக்களின் வழக்கத்தை அறியாவிடின் எத்தனை பேரை வெளியே நிறுத்திவிடும் என்பதற்கு இது நிலையான உதாரணம்.

சட்டம் கூறுவது யாது?

1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே ஜாபிதாவுக்கு ஆதாரமான சட்டம். அதன் முக்கியமான பிரிவுகளை நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

16-ஆம் பிரிவு எவர் பெயர் சேர்தற்குரியதன்று என்று கூறுகின்றது: இந்தியப் பிரஜையல்லாதவர், சித்தசுவாதீனமற்றவர் என்று தகுந்த நீதிஸ்தலத்தால் தீர்மானிக்கப்பட்டவர், தேர்தல் குற்றங்களுக்காகச் சட்டப்படி உரிமை இழந்தவர். 19-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பி அத்தொகுதியில் சாதாரணமாக வசிப்பவர் பதிவுக்குரியர் என்கிறது. சாதாரண வாசம் என்பதன் பொருளை 20-ஆம் பிரிவு விளக்குகின்றது. ஓரூரில் வீடு இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அவ்வூர் வாசியாகிவிடார். தற்காலிகமாக வெளியூர் சென்றிருக்கும் காரணத்தால் ஒருவர் தம் ஊர் வாசத்தை இழந்துவிடவும் மாட்டார். வியாபாரத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் ஊர் ஊராகச் சென்று வாழும் நம்மவர்க்கு இப்பிரிவினும் முக்கியமானது வேறில்லை.

22-ஆம் பிரிவு பெயர் நீக்குவதைப் பற்றியது. இறந்தவர் பெயரை விசாரணையின் மேல் நீக்கலாம். ஊரை விட்டுப் போய்விட்டார் என்றோ, வேறு காரணத்தால் உரிமையற்றவர் என்றோ கூறி நீக்குவதாயின், அதற்கு முன் சம்பந்தப்பட்டவர் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொள்ளத் தக்க சந்தர்ப்பம் அளித்தே தீரவேண்டும். 24-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் உத்தரவின்மேல் ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் அப்பீல் உண்டு; அதன்மேல் ராஜ்யத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது அப்பீலும் உண்டு. பொய்யான வாக்குமூலம் கொடுப்பவருக்கு 31-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறைவாசம் விதிக்கின்றது. 32-ஆம் பிரிவோ, ஜாபிதா வேலையில் தகுந்த காரணமின்றிக் கடமை தவறும் உத்தியோகஸ்தருக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் இரண்டாண்டு வரை சிறைவாசம் விதிக்கின்றது. குடிக்கு ஒரு தண்டனை, அதிகாரிக்கு ஒரு தண்டனை என்று இருபுறமும் வேலி கட்டியிருப்பதைக் கவனிக்கவேண்டும்.

28-ஆம் பிரிவு விதிகள் செய்யும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்கு அளிக்கின்றது. அவ்வதிகாரம் தனித்து நிற்பதன்று. கமிஷனைக் கலந்தே விதி செய்யவேண்டும், செய்த விதியைப் பாராளுமன்றத்தின் முன் வைக்கவும் வேண்டும். அவ்வாறு செய்யப்பட்டவையே 1960-ஆம் வருஷத்து வாக்காளர் பதிவு விதிகள். சேர்ப்பதற்கு 6-ஆம் படிவம், நீக்குவதற்கு 7-ஆம் படிவம், திருத்துவதற்கும் இடம் மாற்றுவதற்கும் 8-ஆம் படிவம் என நாம் அறிந்த படிவங்களெல்லாம் இவ்விதிகளினின்றே வந்தவை.

நீதிஸ்தலங்கள் வகுத்த எல்லை

இனி, அதிகாரத்தின் எல்லையைச் சுப்ரீம் கோர்ட்டு எங்ஙனம் வரையறுத்தது என்பதைப் பார்ப்போம். மூன்று வழக்குகள் போதும்.

முதலாவது, மொஹிந்தர் சிங் கில் வழக்கு. 1977-ஆம் வருஷத் தேர்தலில் பஞ்சாபின் பிரோஸ்பூர்த் தொகுதியில் வாக்கு எண்ணும் வேளையில் கலவரம் நேர, கமிஷன் அத்தொகுதித் தேர்தலை ரத்து செய்து மறு வாக்கெடுப்புக்கு உத்தரவிட்டது. இதனின்று எழுந்த வழக்கில், சட்டம் மௌனமாயிருக்கும் இடத்தில் 324-ஆம் ஷரத்து கமிஷனுக்குப் பரந்த அதிகாரம் தருகின்றது என்றும், பாராளுமன்றம் சட்டம் செய்திருக்கும் இடத்தில் கமிஷன் அதற்கு இணங்கியே நடக்கவேண்டும் என்றும் கோர்ட்டு கூறிற்று. ஓர் உத்தரவு நியாயமானதா என்பதை அவ்வுத்தரவில் எழுதிய காரணத்தைக்கொண்டே அளக்கவேண்டும். பின்னர் கோர்ட்டில் புதிதாகச் சொல்லும் காரணத்தைக்கொண்டு அதைத் தாங்கிப் பிடிக்கலாகாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதி.

இரண்டாவது, கேரளத்துப் பறவூர் வழக்கு. 1982-இல் அத்தொகுதியின் 50 சாவடிகளில் கமிஷன் மின் வாக்குப்பதிவு இயந்திரத்தைப் புகுத்திற்று. அப்போதிருந்த சட்டம் வாக்குச் சீட்டையே அறிந்திருந்தது. இயந்திரம் நல்லதா, கெட்டதா என்று கோர்ட்டு தீர்ப்பளிக்கவில்லை. சட்டம் ஒரு முறையை விதித்திருக்கையில், 324-ஆம் ஷரத்தைக் காட்டிக் கமிஷன் வேறு முறையைப் புகுத்த இயலாது என்று 1984-இல் தீர்ப்புக் கூறி, அந்த 50 சாவடிகளிலும் மறு வாக்கெடுப்பு நடத்த உத்தரவிட்டது. பின்னர்ப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1989 முதல் இயந்திரத்துக்கு இடம் தந்தது. அதே இயந்திரந்தான், சட்டசபை வழியாக வந்தபின் சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று. காரியம் நல்லதாயினும் வந்த வழி சரியாயிருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மூன்றாவது, லால் பாபு உசேன் வழக்கு. டில்லியிலும் பம்பாயிலும் சில பகுதிகளில், ஏற்கெனவே ஜாபிதாவில் இருந்தோர் பலர் அன்னிய நாட்டார் என்று போலீஸ் தகவலின்மேல் சந்தேகிக்கப்பட்டு, தாம் பிரஜைகளென்று குறிப்பிட்ட சில பத்திரங்களைக் காட்டி நிரூபிக்கும்படி நோட்டீஸ் பெற்றனர். 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு இந்நடவடிக்கைகளைத் தள்ளிற்று. ஒருவர் பெயர் ஜாபிதாவில் ஏறியிருக்குமாயின், உரிய விசாரணைக்குப் பின்னரே ஏறியதாகக் கொள்ளவேண்டும். நீக்க முற்படுவோர்க்குக் காரணம் காட்டும் பொறுப்பு உண்டு. சந்தேகத்துக்கு ஆதாரமானவற்றைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கவேண்டும். அவர் கொடுக்கும் எச்சான்றையும், இது பட்டியலில் இல்லை என்று தள்ளாமல், அதிகாரி திறந்த மனத்துடன் பரிசீலிக்கவேண்டும் என்று விதித்தது.

அண்மைக் கால நிகழ்ச்சிகள்

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு அண்மைக் காலத்தை நோக்குவோம். 2021 டிசம்பரில் பாராளுமன்றம் தேர்தல் சட்டங்களைத் திருத்திற்று. வருஷத்துக்கு ஒரு தகுதித் தேதிக்குப் பதிலாக ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் என நான்கு ஏற்பட்டன. ஆதார் எண்ணைக் கேட்கலாம் என்றும், தகுந்த காரணத்தால் கொடுக்க இயலாதவரின் மனுவைத் தள்ளவோ பெயரை நீக்கவோ கூடாது என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆனால் அதன்பின் வந்த 6-ஆ படிவத்தில், ஆதார் எண்ணைக் கொடுக்கிறேன் அல்லது எனக்கு ஆதார் எண்ணே இல்லை என்ற இரண்டு வழிகளே இருந்தன. எண் வைத்திருந்தும் கொடுக்க விரும்பாதவருக்கு இடமில்லை. இது வழக்குக்கு வர, 2023 செப்டம்பரில் கமிஷன் ஆதார் எண் கட்டாயமன்று என்றும், படிவங்களில் தக்க விளக்கம் சேர்க்க ஆலோசிப்பதாகவும் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. சட்டம் திறந்து வைத்த கதவைப் படிவம் சாத்திவிடக்கூடும் என்பதை இதனால் அறிகின்றோம்.

2025 ஜூன் 24-ஆம் தேதி பீகார் ராஜ்யத்தில் தீவிரச் சிறப்புத் திருத்தத்துக்குக் கமிஷன் உத்தரவிட்டது. அங்கே சுமார் 7.89 கோடி வாக்காளர் இருந்தனர். ஒவ்வொருவரும் புதிதாகப் படிவம் பூர்த்தி செய்து தரவேண்டும். 2003-ஆம் வருஷத்து ஜாபிதாவில் பெயரில்லாதவர்கள், குறிப்பிட்ட பதினொரு பத்திரங்களில் ஒன்றைக் காட்டவேண்டும் என்று ஏற்பட்டது. ஆகஸ்டு 1-ஆம் தேதி வெளியான நகலில் சுமார் 7.24 கோடி பெயர்களே காணப்பட்டன. 65 லட்சம் பெயர்கள் இல்லை. ஆகஸ்டு 14-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, விடுபட்ட பெயர்களையும் ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தையும் யாவரும் காணுமாறு வெளியிட உத்தரவிட்டது. செப்டம்பர் 8-ஆம் தேதி, ஆளை அடையாளம் காணும் பொருட்டு ஆதாரைப் பன்னிரண்டாவது பத்திரமாக ஏற்கும்படி கூறிற்று. செப்டம்பர் 30-இல் வெளியான இறுதி ஜாபிதாவில் சுமார் 7.42 கோடி பெயர்கள் இருந்தன.

அவ்வருஷம் நவம்பரில் அத்திருத்தம் நமது தமிழ்நாட்டுக்கும் வந்தது. டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான நகலில், முன்பிருந்த சுமார் 6.41 கோடி பெயர்களில் 5.43 கோடியே இருந்தன. விடுபட்ட சுமார் 97 லட்சத்தில், இறந்தவர் ஏறக்குறைய 27 லட்சம். இரட்டைப் பதிவு 3 லட்சத்துக்குச் சற்று மேல். இடம் மாறியோர், விலாசத்தில் இல்லாதோர் எனக் கண்டது ஏறக்குறைய 66 லட்சம். அதன்பின் உரிமை கோரும் மனுக்களுக்குக் காலம் அளிக்கப்பட்டது.

இறந்தவர் பெயரும் இரட்டைப் பெயரும் நீங்கவேண்டியவையே. கள்ள வாக்கு ஒன்று விழுந்தால் அது நேர்மையான ஒருவரின் வாக்கைக் கொன்றுவிடுகிறது. ஆதலின் ஜாபிதாவைச் சுத்தம் செய்வதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. கமிஷன் தன் பக்கத்தில் காட்டும் ஆதாரமும் அற்பமானதன்று. 1950-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, காரணங்களை எழுதிவைத்து, தான் தக்கதென்று கருதும் முறையில் சிறப்புத் திருத்தம் நடத்தக் கமிஷனுக்கு இடம் தருகின்றது. இவ்வாசகம் பாராளுமன்றமே எழுதியது.

ஆயினும் ஒரு நுட்பத்தைச் சிந்திக்கவேண்டும். இருக்கும் ஜாபிதாவினின்று ஒரு பெயரை நீக்குவதாயின் 22-ஆம் பிரிவு நோட்டீஸையும் விசாரணையையும் கேட்கின்றது. ஜாபிதாவையே புதிதாக எழுதத் தொடங்கினாலோ, பழைய பெயரை நீக்கியதாகக் கணக்கில்லை. புதியதில் சேரவில்லை என்றே கணக்கு. நீக்குவோர் காரணம் காட்டவேண்டியது போய், சேர விரும்புவோர் தகுதி காட்டவேண்டியதாகிறது. குடும்பத்தோடு வேறு தெருவுக்குக் குடிமாறிய கடைக்காரர், கலியாணமாகிப் புக்ககம் சென்ற பெண், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாகப் போய்வரும் முதியவர், இவர்களே இந்த மாறுதலின் பாரத்தைச் சுமப்பவர்கள். பட்டாவும் ரசீதும் காட்டவேண்டியிருந்த பாட்டனார் காலத்து முறையின் சாயல் இதில் இருப்பதை மறுக்க இயலாது.

இவ்வளவு பெரிய மாறுதல், தக்கதென்று கருதும் முறை என்ற நான்கு சொற்களில் அடங்கியிருக்கலாமா? அடங்கியிருக்கலாகாது என்பது நமது துணிபு. எந்தப் பத்திரங்கள் ஏற்கத்தக்கவை, எத்தனை நாள் அவகாசம், நகலில் விடுபட்டவருக்குத் தனித்தனி நோட்டீஸ் உண்டா, தேர்தலுக்கு எவ்வளவு முன் இவ்வேலை முடியவேண்டும் என்பவற்றைப் பாராளுமன்றமே சட்டத்தில் எழுதவேண்டும். எழுதினால் எல்லாக் கட்சியாரும் சபையில் பேசுவர், பத்திரிகைகள் எழுதும், நம்மைப் போன்ற சங்கங்கள் மனு அனுப்பலாம். பறவூர் வழக்குக்குப் பின் இயந்திரத்துக்குச் சட்டம் வந்தது போல இதற்கும் வருமாயின், கமிஷனுக்கும் பலம், குடிகளுக்கும் பாதுகாப்பு.

மற்றொன்றும் இதனோடு சேர்ந்தது. காவலனை எவர் நியமிப்பது என்பது. 1949-லேயே பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு முதலியோர், தேர்தல் கமிஷனர் நியமனம் முழுதும் நிர்வாகத்தின் கையில் இருப்பதைப் பற்றிக் கவலை தெரிவித்தனர். நியமனத்துக்கு வேண்டிய சட்டத்தைப் பாராளுமன்றம் எழுபதாண்டுக்கு மேல் செய்யாதிருந்தது. 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் வரும் வரையில் பிரதம மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர், பிரதம நீதிபதி ஆகிய மூவர் குழு சிபாரிசு செய்யவேண்டும் என்றது. அவ்வருஷம் டிசம்பரில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், பிரதம நீதிபதியின் இடத்தில் மத்திய மந்திரி ஒருவரை அமைத்தது. மூவரில் இருவர் சர்க்காரைச் சேர்ந்தவராயிருப்பது 1949-ஆம் வருஷத்துக் கவலையை ஓயச் செய்வதாகாது. சட்டசபை சட்டம் செய்துவிட்டதனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. செய்த சட்டம் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துகிறதா என்பதையும் குடிகள் கேட்கவேண்டும்.

நம் கடமை

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி என்பார்கள். பயிருக்குச் சொந்தக்காரன் தூங்கினால் வேலியைக் குறை கூறிப் பயனில்லை என்பதும் உண்மையே. சட்டம் தந்த நோட்டீஸும் அப்பீலும் நாம் பயன்படுத்தினாலன்றிக் காகிதத்திலேயே கிடக்கும். ஆகவே இச்சபைக்குச் சில யோசனைகள் கூறுகின்றோம்.

வாக்கெடுப்பு நாளன்று ஜாபிதாவைத் தேடுவது காலங்கடந்த காரியம். நகல் ஜாபிதா வெளியானவுடன் ஒவ்வோர் ஊரிலும் நமது கிளைச் சங்கத்தார் அதை வாங்கி, சங்கக் கட்டிடத்தில் யாவரும் கேட்கும்படி வாசிக்கவேண்டும். விடுபட்டவர்க்கு 6-ஆம் படிவமும், இடம் மாறியவர்க்கு 8-ஆம் படிவமும் பூர்த்தி செய்து கொடுக்கப் படித்த இளைஞர் முன்வரவேண்டும். மனு கொடுத்ததற்கு ரசீது பெறாமல் திரும்பலாகாது. நோட்டீஸ் வந்தால் அஞ்சி ஒளியாமல் குறித்த நாளில் ஆஜராகவேண்டும்; உத்தரவு பாதகமாயின் காரணத்தை எழுத்தில் கேட்டு, தவணைக்குள் அப்பீல் செய்யவேண்டும். குடும்பத்தில் இறந்தவர் பெயரை நீக்க நாமே மனு கொடுப்பதும், ஈரூரில் பெயர் வைத்திருப்போர் ஒன்றை விட்டுவிடுவதும் நம் நேர்மைக்கு அடையாளம். மனைவியர், மருமக்கள், தாய்மார் பெயர்களைத் தனியே கவனிக்கவேண்டும். 28 லட்சம் பெண்களின் செய்தியை மறக்கவேண்டாம்.

இறுதியாக ஒன்று. நாம் ஒரு குலத்தின் சங்கமாகக் கூடியிருக்கிறோம். ஆனால் வாக்காளர் ஜாபிதாவில் குலத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. 325-ஆம் ஷரத்து அதை வேண்டாமென்று விலக்கிவிட்டது. நம் வீட்டுப் பெயருக்கு அடுத்த வரியில் அண்டை வீட்டார் பெயர் இருக்கும். அவர் எக்குலத்தவரோ, எம்மதத்தவரோ. ஆகவே நம் கிளைச் சங்கத்தில் ஜாபிதா வாசிக்கும்போது நம்மவர் பெயரை மட்டும் பொறுக்கி வாசிக்கவேண்டாம். தெரு முழுவதையும் வாசிப்போம். அண்டை வீட்டார் பெயர் விடுபட்டிருந்தால் அவரையும் அழைத்துச் சொல்வோம். இன்று அவர் பெயரைக் காரணமின்றி நீக்க இடங்கொடுத்த அதிகாரம், நாளை நம் பெயருக்கு வரும்போது எதைச் சொல்லி அதைத் தடுப்போம்?

 கிளைச் சங்கங்கள் அனைத்தும் இவ்வேலையை இவ்வாண்டிலேயே தொடங்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றும்படி அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொண்டு இவ்வுரையை முடிக்கின்றோம்.